39 யூரோ கார்சியா பட்டயம்: வாங்காதீர்கள், அதைவிட நல்லது காசில்லாமலே கிடைக்கிறது

இந்த மார்ச்சில் எங்கள் மேல்வீட்டுப் பாட்டிக்கு எண்பது நிறைந்தது. நான் மாட்ரிட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் படுத்தபோது மூன்று நாளும் பூண்டு சூப் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். எனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் பாதி, படிக்கட்டில் நின்று அவரோடு பேசியே வந்தது. அவருக்கு நல்லதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது, சுற்றுலாப் பயணிகள் நடமாடும் ஒரு தெருவில், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் குடும்பப் பெயர்ப் பட்டயங்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்தேன். பெயரைச் சொன்னால் போதும், அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எந்தக் கேடயச் சின்னம் என்று எல்லாவற்றையும் பழைய காலத்துத் தோல் மாதிரி இருக்கும் மஞ்சள் தாளில் அச்சிட்டு, சட்டம் போட்டுத் தருகிறார்கள். விலை 39 யூரோ.

பாட்டியின் குடும்பப் பெயர் கார்சியா. அப்பா வழியிலும் கார்சியா, அம்மா வழியிலும் கார்சியா, ஆகவே அரசுத் தாள்களில் அவர் பெயருக்குப் பின்னால் கார்சியா கார்சியா என்றே இருக்கும். கடைக்காரரிடம் சொன்னதும், "கார்சியாவா, தயாராகவே இருக்கு" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். எந்த ஊர், எந்த மாகாணம், தாத்தா யார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பொருளாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. மரச்சட்டம் கனமாக இருந்தது, அச்சு சுத்தம், சிவப்பு அரக்கு முத்திரைகூட ஒன்று ஒட்டியிருந்தார்கள். பிரச்சினை எல்லாம் அதில் எழுதியிருந்ததில்தான். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். கார்சியா என்றால் ஜெர்மானிய மொழியில் ஈட்டி ஏந்திய வீரன் என்று பொருளாம். கார்சியாக்கள் எல்லோரும் நவார்ரா நாட்டில் மூர்களை, அதாவது வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களை, எதிர்த்துப் போரிட்ட ஒரே ஒரு குதிரை வீரனின் வழி வந்தவர்களாம். கீழே வெள்ளிக் கேடயத்தில் ஒரு கருப்புக் கொக்கு, "இதுதான் உங்கள் குடும்பத்தின் சின்னம்" என்ற வாசகம். பாட்டி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார், கன்னத்தில் முத்தம் கொடுத்தார், அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அழகா இருக்கு மகனே. ஆனா நாங்க எப்போ குதிரை ஏறினோம்? எங்க தாத்தா கழுதையைக்கூட இரவல் வாங்கித்தான் ஓட்டினார்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒருவருடைய பெயர் என்பது அவருடைய அப்பா அம்மா. அதில் பொய் எழுதி விற்பது சாமான்ய விஷயம் இல்லை. சரி, உண்மை என்ன என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் கிடைத்ததையும், எந்தச் சேவை உதவியது, எது உதவவில்லை என்பதையும் இங்கே எழுதுகிறேன். வேறு யாராவது அந்த 39 யூரோவை எடுப்பதற்கு முன் இதைப் படித்தால் நல்லது.

முதலில் பொருள். கார்சியா ஜெர்மானியப் பெயர் இல்லை. நிறைய ஸ்பானியப் பெயர்கள் அப்படி வந்தவைதான், ஃபெர்னாண்டோ, ரோட்ரிகோ எல்லாம் ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட ஜெர்மானிய இனத்தாரான விசிகோத்துகள் கொண்டுவந்த பெயர்கள். பட்டயம் எழுதியவர் அதே வாய்பாட்டைக் கார்சியாவுக்கும் போட்டுவிட்டார் போல. கார்சியா வந்தது ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலையின் மேற்குப் பக்கம், பாஸ்க் மொழி பேசிய மண்ணிலிருந்து. பழைய ஆவணங்களில் கார்சேயா என்று வருகிறது. பாஸ்க் மொழியில் கரடிக்கு ஹார்ட்ஸ் என்று பெயர், அதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. அதே மொழியில் இளைஞனுக்கு கஸ்தே, அதிலிருந்து "இளையவன்" என்ற பொருளில் வந்தது என்பது இன்னொரு கட்சி. அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. எனக்குக் கரடிதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பக்கத்திலேயே ஓநாய்கள் இருக்கின்றன. ஓச்சோவா என்ற குடும்பப் பெயர் பாஸ்க் மொழியில் ஓநாய். லோபெஸ் என்பது லோபே என்பவரின் மகன், அந்த லோபே லத்தீன் மொழியின் ஓநாயிலிருந்து வந்தது. மலையில் ஆடு மேய்த்தவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதன் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள் என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. இது என் ஊகம் மட்டுமே.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். கார்சியா முதலில் குடும்பப் பெயரே இல்லை, ஆளின் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் வட ஸ்பெயினின் பாம்ப்லோனாவை ஆண்ட ராஜா கார்சியா இன்யிகெஸ். அதாவது இன்யிகோவின் மகன் கார்சியா. பெயரின் கடைசியில் வரும் அந்த "எஸ்" தான் "இன்னாரின் மகன்" என்று சொல்லும் ஒட்டு. ஃபெர்னாண்டோ மகன் ஃபெர்னாண்டஸ், சாஞ்சோ மகன் சாஞ்செஸ், கொன்சாலோ மகன் கொன்சாலஸ். இது எப்படி ஓடியது என்று பார்க்க வேண்டுமென்றால் ஸ்பெயினின் காஸ்தீல் பகுதியை ஆண்ட பிரபுக்களின் வரிசையைப் பாருங்கள், நான் இதைத் தாளில் எழுதி வைத்துப் பல தடவை பார்த்தேன். கொன்சாலோ ஃபெர்னாண்டஸின் மகன் ஃபெர்னான் கொன்சாலஸ், இவர் 970இல் இறந்தார். அவருடைய மகன் கார்சியா ஃபெர்னாண்டஸ், 995 வரை ஆண்டவர். அவர் மகன் சாஞ்சோ கார்சியா, 1017 வரை. அவருக்கு மகன் கார்சியா சாஞ்செஸ், 1029இல் லியோன் நகரத்தில் வைத்து இளம் வயதிலேயே கொலை செய்யப்பட்டார். ஐந்து தலைமுறை, ஒரே ரத்தம், ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பின்பெயர் மாறிக்கொண்டே போகிறது. அப்பா பெயர் பின்னால் வருகிறது, தாத்தா பெயர் பேரனுக்குப் போகிறது.

இதைப் படிக்கும் தமிழர்களுக்கு விளக்கமே தேவையில்லை. நம் இனிஷியல் இதேதான். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால், என் பிள்ளைக்கு என் பெயரின் எழுத்து, தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், அதுதான் பேரன். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் காஸ்தீலில் இருந்தவர்களுக்கு என் பெயர் நொடியில் புரிந்திருக்கும். இன்றைய ஸ்பெயினில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் "முதல் குடும்பப் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர்" என்று இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டத்தில் அப்பா பெயரை எழுதி, இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்று நான் முழித்திருக்கிறேன். எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி "செனோர் சுப்பிரமணியன்" என்று என் அப்பாவுக்கு வருகின்றன. அப்பா இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை.

அந்த ஓட்டம் எப்போது நின்றது? மத்திய காலத்தின் கடைசியில் மெல்ல மெல்ல உறைந்தது. சொத்து, வரி, வாரிசு என்று தாள்கள் பெருகப் பெருக, அப்பாவின் பின்பெயரையே பிள்ளையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பரவியது. அதற்குப் பிறகு 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கூடிய திரெந்து என்ற கத்தோலிக்கத் திருச்சபைச் சங்கம், ஒவ்வொரு ஊர்த் தேவாலயத்திலும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்கச் சொன்னது. யாருடைய அப்பா பெயர் அந்த நேரத்தில் கார்சியாவாக இருந்ததோ, அவர் வழியில் வந்தவர்கள் இன்றுவரை கார்சியா. கார்சியாவின் மகன் என்பதைச் சொல்லத் தனியாக கார்செஸ் என்ற வடிவமும் இருந்தது, இன்றும் கார்செஸ் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலோர் ஒட்டு எதுவும் போடாமல் கார்சியா என்றே விட்டுவிட்டார்கள். மார்த்தின், அலோன்சோ எல்லாம் இதே மாதிரி ஒட்டில்லாத பெயர்கள். வேடிக்கை என்னவென்றால் மார்த்தின், அலோன்சோ என்று இன்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள், கார்சியா என்று வைப்பதில்லை. ராஜாக்களின் பெயராக இருந்தது முழுக்கக் குடும்பப் பெயராகிவிட்டது.

இதிலிருந்தே பட்டயத்தின் பெரிய பொய் தெரிந்துவிடும். கார்சியா என்ற பெயர் கொண்ட அப்பாக்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தம் இல்லாத நூற்றுக்கணக்கான கார்சியா வீடுகள் தனித்தனியாக முளைத்தன. ஒரே மூதாதை என்பதற்கு வழியே இல்லை. கேடயச் சின்னமும் அப்படித்தான், அது ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்குச் சொந்தம், ஒரு பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் சொந்தமில்லை. அந்தக் கொக்கு எங்கிருந்து வந்தது என்றால், ஸ்பானிய மொழியில் கொக்கு வகைப் பறவைக்கு கார்சா என்று பெயர். கார்சா, கார்சியா, சத்தம் ஒத்துப்போகிறது என்று ஏதோ ஒரு கார்சியா வம்சம் அதைச் சின்னமாக வைத்துக்கொண்டது. அது அந்தக் குடும்பத்தின் கொக்கு. ஆவிலா மலையில் ஆடு மேய்த்த எங்கள் பாட்டி வீட்டுக்கு அதில் ஒரு இறகுகூடக் கிடையாது.

இனி நல்ல செய்தி. ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தை இங்கே எல்லோரும் சுருக்கமாக இனே என்பார்கள். அவர்களுடைய இணையதளத்தில் குடும்பப் பெயர் தேடும் பக்கம் ஒன்று இருக்கிறது. பதிவு செய்ய வேண்டாம், பணம் வேண்டாம், பெயரைத் தட்டினால் போதும். முதல் குடும்பப் பெயராக எத்தனை பேருக்கு, இரண்டாவதாக எத்தனை பேருக்கு, இரண்டுமே அதுவாக எத்தனை பேருக்கு என்று மூன்று எண் வரும். கூடவே மாகாண வாரியாக நிறம் தீட்டிய வரைபடம், ஆயிரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கோடு. எனக்கு மிகவும் பிடித்தது அந்த வரைபடம்தான், ஏனென்றால் வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் மாட்ரிட்டும் பார்சலோனாவும் எல்லாப் பெயரிலும் முன்னால் நிற்கும், விகிதத்தைப் பார்த்தால்தான் பெயர் எந்த மண்ணில் வேர் பிடித்தது என்று கொஞ்சமாவது தெரியும். ஃபெர்னாண்டஸ் என்று போட்டால் அஸ்துரியாஸ் அடர்ந்து தெரியும், ரோட்ரிகெஸ் என்று போட்டால் கலீசியா.

கார்சியா என்று போட்டேன். முதல் குடும்பப் பெயராக 14 லட்சத்துக்கும் மேல். இரண்டாவதாக இன்னொரு 14 லட்சத்துக்கும் மேல். ஸ்பெயினிலேயே முதலிடம், நூறு பேரை நிறுத்தினால் மூன்று பேர் கார்சியா. பாட்டியைப் போல இரண்டு பக்கமும் கார்சியா உள்ளவர்களே 75 ஆயிரத்துக்கும் மேல். திரையை அவரிடம் திருப்பிக் காட்டினேன். தன்னைப் போல ஒரு நகரமே இருக்கிறது என்று தெரிந்ததும், கொக்குப் படத்தைப் பார்த்தபோது வராத சந்தோஷம் அவர் முகத்தில் வந்தது. அப்புறம் அவருடைய தோழிகள் ஒவ்வொருவரின் பெயராகச் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே இருந்தேன், மதியச் சாப்பாடு மாலை நாலரைக்குப் போனது.

குறைகளையும் சொல்ல வேண்டும். இருபது பேருக்குக் குறைவாக இருக்கும் பெயர்களை அது காட்டாது, மாகாணத்தில் ஐந்து பேருக்குக் குறைந்தாலும் அப்படித்தான். தனிமனிதர்களை அடையாளம் காட்டிவிடக்கூடாது என்ற அக்கறை, நியாயம்தான், ஆனால் அருகிப்போன பெயர் உள்ளவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தோற்றம், பொருள் எதையும் அது சொல்லாது. இன்று ஸ்பெயினில் வசிப்பவர்களின் கணக்கு மட்டும்தான், பழைய காலத்துக்குப் போக முடியாது. கார்சியா மாதிரி எங்கும் பரவிய பெயருக்கு வரைபடத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இரண்டாவது பெயர் அபூர்வமாக இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம், பாட்டிக்கு அந்த வழியும் இல்லை.

இந்த இரண்டு பெயர் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. அப்பாவின் முதல் குடும்பப் பெயர் முன்னால், அம்மாவின் முதல் குடும்பப் பெயர் பின்னால். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. பிறந்தபோது எழுதிய பெயரோடுதான் கல்லறை வரை. தமிழ் வாசகர்கள் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை வெறும் மார்க்கேஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் மார்க்கேஸ் அவருடைய அம்மா வீட்டுப் பெயர், அவருடைய முதல் குடும்பப் பெயர் கார்சியாதான், ஸ்பானிய நூலகங்களில் அந்த எழுத்தில் தேடினால்தான் அவர் கிடைப்பார். கவிஞர் ஃபெதெரிகோ கார்சியா லோர்காவை மட்டும் ஸ்பானியர்களே லோர்கா என்று அம்மா பெயரால் அழைக்கிறார்கள், கார்சியா என்றால் யார் என்றே தெரியாது என்பதால். பிக்காசோவும் அப்படித்தான், அப்பா பெயர் ருயிஸ், உலகம் நினைவில் வைத்தது அம்மாவின் பிக்காசோவை. அரசியலிலும் உண்டு. பிரதமராக இருந்த ரோட்ரிகெஸ் சபதேரோவை மக்கள் சபதேரோ என்பார்கள். ஒரு பெயர் அதிகமாகப் பரவினால் அது பெயராக வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அந்த இடத்தில் அம்மாவின் பெயர் வந்து ஆளைக் காப்பாற்றுகிறது. இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1999லேயே பெற்றோர் இருவரும் சேர்ந்து அம்மா பெயரை முன்னால் வைக்கச் சட்டம் வழிவிட்டது. 2017 ஜூன் கடைசியிலிருந்து அப்பா பெயருக்கு இருந்த தானியங்கி முன்னுரிமையும் போய்விட்டது, எந்தப் பெயர் முதலில் என்று பெற்றோர் பேசி முடிவு செய்து எழுத வேண்டும்.

உச்சரிப்பும் ஒரு வார்த்தை. மாட்ரிட்டில் யாரும் கார்சியா என்று சொல்வதில்லை. நாக்கைப் பல்லுக்கு இடையில் வைத்து "கார்த்தீயா" என்பது போலச் சொல்வார்கள், அழுத்தம் நடுவில். தென் ஸ்பெயினின் பல பகுதிகளிலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் கார்ஸீயா. தமிழில் நாம் எழுதுவது அமெரிக்கக் கண்டத்தின் உச்சரிப்பை.

அமெரிக்கா என்றதும் இன்னொரு விஷயம் வருகிறது. பட்டயத்தில் "உலகெங்கும் பரவிய கார்சியா வம்சம்" என்று ஒரு பத்தி இருந்தது. பரவியது உண்மை. 2010ஆம் ஆண்டு அமெரிக்க ஐக்கிய நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கார்சியா ஆறாவது இடத்தில் இருந்தது, 11 லட்சத்து 66 ஆயிரம் பேர். அதற்கு முந்தைய 2000ஆம் ஆண்டில் எட்டாவது இடம், 8 லட்சத்து 58 ஆயிரம். பத்து வருடத்தில் மில்லரையும் டேவிஸையும் தாண்டிவிட்டது. ஆனால் இவர்கள் எல்லோரும் ஸ்பெயினிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் இல்லை. காலனி நாடுகளில் பாதிரியார்கள் பூர்வகுடிகளுக்கும் ஆப்பிரிக்க அடிமைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கும்போது, ஞானத்தந்தையின் பெயரோ எஜமானின் பெயரோ எழுதப்பட்டது. பிலிப்பைன்ஸில் இன்னும் நேரடியாகவே நடந்தது. 1849 நவம்பரில் கவர்னர் ஜெனரல் நார்சிசோ கிளாவெரியா ஒரு ஆணை போட்டு, ஆயிரக்கணக்கான பெயர்கள் அடங்கிய அகரவரிசைப் பட்டியல் ஒன்றை மாகாணங்களுக்கு அனுப்பி, குடும்பப் பெயர் இல்லாதவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். வரி வசூலிக்கவும் ஆளை அடையாளம் காணவும் வசதிக்காக. அந்த நாட்டின் ஜனாதிபதியாக 1957 முதல் 1961 வரை இருந்தவரும் ஒரு கார்சியாதான், கார்லோஸ் பி. கார்சியா. நடுவில் இருக்கும் "பி" அம்மா வீட்டுப் பெயரான பொலெஸ்டிகோ. ஸ்பெயினில் அம்மா பெயர் கடைசியில் வரும், அங்கே நடுவில் வருகிறது.

நம் தூத்துக்குடிக் கடற்கரையில் பர்னாந்து, ரொட்ரிகோ, கோஸ்தா என்று பெயர்கள் இருப்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். அவை 1530களில் போர்த்துகீசியர் கொடுத்த ஞானஸ்நானத்தோடு வந்தவை, ஸ்பானியம் இல்லை, ஆனாலும் நடந்தது ஒன்றுதான். ஒரு மாலுமிப் பெயரையோ பாதிரியார் பெயரையோ வாங்கிக்கொண்ட ஒரு பரதவர் குடும்பத்திடம் போய், உங்கள் மூதாதை லிஸ்பனில் குதிரை வீரன் என்று சட்டம் போட்டு விற்றால் எப்படி இருக்கும்? அதே வேலையைத்தான் இந்தப் பட்டயங்கள் மணிலாவிலிருந்து வரும் பயணிகளிடமும் மெக்சிகோவிலிருந்து வரும் பயணிகளிடமும் செய்கின்றன. அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பாட்டி வீட்டு உண்மைக்கு வருகிறேன். இதற்கு உதவிய சேவை சிவில் பதிவகம், அதாவது பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகம். ஸ்பெயினில் நாடு முழுவதற்குமான சிவில் பதிவு 1871 ஜனவரியிலிருந்து நடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் சுருக்க வடிவம், முழு வடிவம் என்று இரண்டு உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது முழு வடிவம், "லித்தெரால்" என்று கேளுங்கள், பதிவேட்டில் எழுதியது அப்படியே வரும். கட்டணம் இல்லை. பாட்டியின் அப்பா 1911இல் பிறந்தவர். ஊரும் தேதியும் பாட்டிக்கு நினைவிருந்ததால் விண்ணப்பம் எளிதாக முடிந்தது, மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. ஊரும் தோராயமான வருடமும் தெரியாவிட்டால் இது கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கையெழுத்து, மை மங்கியிருந்தது, இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தோம். குழந்தையின் பெயர், பிறந்த மணி, அப்பா பெயர், அவருடைய வயது, அவருடைய தொழில். தொழில் என்ற இடத்தில் "ஹோர்னலேரோ" என்றிருந்தது. தினக்கூலி. பாட்டி அந்த வார்த்தை மேல் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அடுத்து அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, நான்கு பேரின் முழுப்பெயரும் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதும். ஒரே தாளில் மூன்று தலைமுறை, 1911லிருந்து நேராக 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் போய்விட்டோம். அந்த நான்கு பேரில் மூன்று பேர் கார்சியா.

"எல்லாரும் கார்சியான்னா ஊரில் எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். பட்டப்பெயர்தான் என்றார். ஸ்பானியக் கிராமங்களில் இது சாதாரணம், வீட்டுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும், அது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் போகும். பாட்டி வீட்டுக்கு "கரிக்காரர்கள்". தாத்தாவின் தாத்தா மலையில் ஓக் மரம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தவராம். கரிக்காரர் வீட்டுப் பெண் என்றால் அந்த ஊரில் இன்றும் தெரியும், கார்சியா என்றால் எந்தக் கார்சியா என்று கேட்பார்கள். எனக்கு என் அம்மாவின் கிராமம் கண்ணில் வந்தது. அங்கேயும் ஓலைக்காரர் வீடு, மணியக்காரர் வீடு என்றுதானே சொல்வோம். தாளில் எழுதிய பெயர் சர்க்காருக்கு, கூப்பிடுகிற பெயர் ஊருக்கு.

உங்கள் குடும்பத்தில் உண்மையிலேயே பிரபு வம்சம் இருக்கிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருந்தால், அதற்கும் இலவச வழி உண்டு. பாரெஸ் என்பது ஸ்பானிய அரசு ஆவணக் காப்பகங்களின் இணையதளம். வல்லதோலித் நகரில் இருக்கும் பழைய அரச நீதிமன்றக் காப்பகத்தில், தங்களுக்குப் பிரபு அந்தஸ்து உண்டு, வரி விலக்கு வேண்டும் என்று நூற்றாண்டுகளாக மக்கள் போட்ட வழக்குகள் குவிந்திருக்கின்றன. அவற்றின் விவரப் பட்டியலை பாரெஸில் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடலாம். தேடும் பக்கம் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கார்சியா என்று மட்டும் போட்டால் மலைபோல முடிவுகள் வந்து விழும், ஊர்ப் பெயரையும் சேர்க்க வேண்டும். பாட்டியின் ஊரைச் சேர்த்துத் தேடினேன், ஒன்றும் இல்லை. அவரிடம் சொன்னபோது, "வழக்குப் போடக் காசு வேணுமே" என்றார்.

என் மதிப்பீடு இதுதான். கடைப் பட்டயத்துக்கு ஐந்தில் ஒன்று, அந்த ஒன்றும் சட்டத்துக்காக. இனேயின் பெயர் தேடலுக்கு நாலரை. பாரெஸுக்கு நாலு, தேடல் பக்கம் இன்னும் எளிதாக இருந்தால் ஐந்து கொடுத்திருப்பேன். சிவில் பதிவகத்தின் முழுச் சான்றிதழுக்கு யோசிக்காமல் ஐந்து. பட்டயத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பெயர் அச்சிட்டதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள், தயாராக வைத்திருந்ததைத்தானே எடுத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பரிசாகக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இனே வரைபடத்தையும் ஒரு பழைய சான்றிதழையும் நல்ல தாளில் அச்சிட்டு, மொத்தத்தில் பத்து யூரோவுக்குள் சட்டம் போட்டுக் கொடுக்கலாம்.

1871க்கு முன்னால் போக வேண்டுமென்றால் தேவாலயப் பதிவேடுகள்தான். உள்நாட்டுப் போரில் சில ஊர்களில் அவை எரிந்துவிட்டன. பல மறைமாவட்டங்களின், அதாவது ஒரு ஆயரின் கீழ் வரும் தேவாலயப் பகுதிகளின், புத்தகங்களை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், கணக்குத் தொடங்கினால் இலவசமாகப் பார்க்கலாம். பாட்டி ஊர்ப் புத்தகம் எனக்கு அதில் அகப்படவில்லை. அதனால் மறைமாவட்டக் காப்பகத்துக்குப் பாட்டி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து கடிதம் அனுப்பியிருக்கிறோம், கரிக்காரரின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்று, தோராயமாக 1840களில் இருக்கும். பெயர் என்ற இடத்தில் கார்சியா என்று எழுதிவிட்டு, பக்கத்தில் பட்டப்பெயரையும் போடச் சொன்னார். பதில் வந்ததும் இதன் கீழேயே எழுதுகிறேன்.